பொத்தான் எந்தப் பக்கம்? ஆண்சாயல் உடையை விரும்பும் பெண்களைப் பற்றி

ஆண்களுக்கென்று விற்கும் சட்டை ஒன்றையும் பெண்களுக்கென்று விற்கும் சட்டை ஒன்றையும் அருகருகே விரித்துப் போட்டுப் பாருங்கள். ஆண் சட்டையில் பொத்தான்கள் போட்டிருப்பவரின் வலப்பக்கம் தைத்திருக்கும். பெண் சட்டையில் பெரும்பாலும் இடப்பக்கம். ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வாளை உருவ வசதியாக ஆண்களுக்கு அப்படி வைத்தார்கள் என்பார் ஒருவர். பணக்காரப் பெண்களுக்குப் பணிப்பெண்கள் எதிரே நின்று பொத்தான் போட்டுவிட்டார்கள், அதனால் பக்கம் மாறியது என்பார் இன்னொருவர். கேட்க நன்றாக இருக்கின்றன, ஆனால் எதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது.

ஆண்கள் பகுதியிலிருந்து வாங்கிய முதல் சட்டையைப் போட்டபோது என் விரல்கள் கொஞ்ச நேரம் தடுமாறின. இடக்கை பொத்தானைத் தேடுகிறது, அங்கே ஓட்டைதான் இருக்கிறது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இப்போது பெண் சட்டை போட்டால்தான் தடுமாற்றம். ஆண் உடை, பெண் உடை என்று நாம் பெரிதாகப் பிரித்து வைத்திருப்பதில் நிறைய இந்தப் பொத்தான் சமாச்சாரம் மாதிரிதான். யாரோ எப்போதோ ஒரு பக்கம் தைத்தார்கள், கை அதற்குப் பழகிக்கொண்டது.

இந்தக் கட்டுரை, ஆண்களுக்குரியது என்று கருதப்படும் உடையையோ இருபாலருக்கும் பொதுவான உடையையோ விரும்பி அணியும் பெண்களைப் பற்றியது. உங்கள் மகளோ தோழியோ உடன் வேலை பார்ப்பவரோ அப்படி உடுத்துவதைப் பார்த்து, கேட்கவும் தயங்கி, புரியாமலும் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நீங்களே அப்படி உடுத்த நினைத்துத் தயங்கிக்கொண்டிருந்தால், உங்களுக்கும்தான்.

எதைச் சொல்கிறோம்?

ஆண்சாயல் உடை என்றால் ஆண்களின் உடல்வாகை மனதில் வைத்து வெட்டித் தைத்தவை: தோளில் நேராக விழும் சட்டை, இடுப்பு ஒட்டாத பேன்ட், கோட்டு, டை, தட்டையான காலணி. பொதுப்பாலின உடை, அதாவது கடைக்காரர்கள் யுனிசெக்ஸ் என்று சொல்வது, யார் போட்டாலும் ஆண் பெண் என்று காட்டிக்கொடுக்காதது. வட்டக் கழுத்து டீ ஷர்ட், ஹூடி, தளர்ந்த பேன்ட் இந்த வகை.

இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. ஒரே வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு டையும் கட்டினால் ஒரு தோற்றம், மேல்பொத்தானைத் திறந்து கையை முழங்கைவரை மடித்துவிட்டால் இன்னொரு தோற்றம். முடிவெட்டு, நடை, உட்காரும் விதம் எல்லாம் சேர்ந்துதான் பார்ப்பவர் கண்ணில் ஒரு சித்திரம் உருவாகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொது உடை என்று விற்பதில் பெரும்பகுதி ஆண் உடைதான். ஆண் அளவில் வெட்டிய டீ ஷர்ட்டில் சின்ன அளவு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, சீட்டை மாற்றி ஒட்டினால் அது யுனிசெக்ஸ். பாவாடையை யாரும் யுனிசெக்ஸ் என்று விற்றுப் பெரிதாகப் பார்த்ததில்லை. நடுநிலை என்று பெயர் வைத்தாலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது.

மூன்று தனித்தனிக் கேள்விகள்

சட்டை பேன்ட் போட்ட பெண்ணைப் பார்த்ததும் பலர் மனதில் சட்டென்று ஒரு முடிவு ஓடும்: இவளுக்கு ஆணாக மாற ஆசை. இல்லாவிட்டால்: இவளுக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. வெவ்வேறான மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறோம்.

நான் யார் என்பது முதல் கேள்வி. பெண்ணா, ஆணா, இரண்டிலும் அடங்காதவரா என்று ஒருவர் தன்னைத் தன் உள்ளுக்குள் உணர்வது. இதைப் பாலின அடையாளம் என்கிறோம். வெளியே எப்படித் தெரிகிறேன் என்பது இரண்டாவது. உடை, முடி, பேச்சு, நடை எல்லாம் இதில் வரும். இதற்குப் பெயர் பாலின வெளிப்பாடு. யார் மீது ஈர்ப்பு என்பது மூன்றாவது, பாலீர்ப்பு.

உடை இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் விடை. அதை வைத்துக்கொண்டு முதலாவதையும் மூன்றாவதையும் நிரப்பப் பார்த்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். கோட்டும் டையுமாக வருகிற ஒரு பெண் கணவனோடும் பிள்ளைகளோடும் வாழ்கிறவராக இருக்கலாம். நகையும் பூப்போட்ட கவுனுமாக வருகிறவர் பெண்ணைக் காதலிப்பவராக இருக்கலாம். இரண்டும் சர்வசாதாரணம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதும் சரியில்லை. உடைக்கும் அடையாளத்துக்கும் தொடர்பே கிடையாது என்று அடித்துச் சொன்னாலும் தப்பு. பெண்களைக் காதலிக்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்சாயல் உடை ஒரு நீண்ட மரபு. ஆங்கிலம் பேசும் உலகில் அவர்களை புட்ச் என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள அந்த உடையே உதவியது, அதற்காகப் போலீஸிடம் மாட்டியவர்களும் உண்டு. திருநம்பிகள், அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டாலும் தங்களை ஆணாக உணர்கிறவர்கள், பலர், தாங்கள் ஆண் என்று வெளியே சொல்லும் முன்பே பல ஆண்டுகள் ஆண் உடையில் நிம்மதி கண்டிருப்பார்கள். அவர்கள் உடையால் திருநம்பி ஆனவர்கள் இல்லை. உள்ளே இருந்த ஒன்றுக்கு உடை இடம் கொடுத்தது, அவ்வளவுதான். ஆண் பெண் என்ற இரண்டிலும் தன்னைப் பொருத்திக்கொள்ளாதவர்களில் சிலருக்குப் பொது உடையே வீடு மாதிரி.

ஆக, ஒரே சட்டை. ஒருத்திக்கு அது வசதி, ஒருத்திக்கு ரசனை, இன்னொருவருக்கு அதுவே தான் யார் என்பதன் ஒரு பகுதி. சட்டையைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அவரே சொன்னால்தான் உண்டு. சொல்லாமலும் இருக்கலாம், அது அவர் விருப்பம்.

அப்படியானால் ஏன் போடுகிறார்கள்?

இந்தக் கேள்வியே கொஞ்சம் ஒருதலைப்பட்சமானது. கவுன் போடும் பெண்ணை யாரும் மடக்கி நிறுத்தி ஏன் என்று கேட்பதில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் உண்டு. நான் கேள்விப்பட்டவற்றில் முதலில் வருவது தத்துவமோ கொள்கையோ கிடையாது, பாக்கெட்.

சிரிக்காதீர்கள். 2018இல் அமெரிக்க இணைய இதழ் ஒன்று 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களை எடுத்து அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. சராசரிப் பெண்ணின் கை முழுதாக நுழையக்கூடிய பாக்கெட் பெண்கள் ஜீன்ஸ்களில் 10 சதவீதத்தில்தான் இருந்தது. இதுகூடப் பரவாயில்லை, சில உடைகளில் பாக்கெட் மாதிரி ஒரு தையல் மட்டும் ஓடும், உள்ளே ஒன்றும் இருக்காது. விரலை விட்டுப் பார்த்துத்தான் ஏமாந்தது தெரியும்.

இதற்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்களின் கோட்டிலும் கால்சட்டையிலும் பாக்கெட்டைச் சேர்த்தே தைத்தார்கள். பெண்கள் நாடா கட்டிய தனிப் பைகளை இடுப்பில் முடிந்து பாவாடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். பாவாடையில் இருக்கும் பிளவு வழியே கையை விட்டு எடுப்பார்கள். அந்தப் பைகள் நல்ல பெரியவை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடலோடு ஒட்டி விழும் மெல்லிய கவுன்கள் வந்தன, உள்ளே பை வைத்தால் புடைத்துத் தெரிந்தது. பை வெளியே வந்து கைக்கு ஏறியது. கைப்பை பிறந்த கதையில் இது ஒரு முக்கியத் திருப்பம். சாமான் ஏதும் இல்லாமல் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வெளியே போவது என்ற சாதாரண விஷயம் ஆணுக்கு மட்டும் என்று ஆனது அப்படித்தான்.

அடுத்த காரணம் அசைவு. குனிந்தால் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, காற்றடித்தால் பாவாடையைப் பிடிக்க வேண்டியதில்லை, தரையில் எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம். பெண் உடையில் இருக்கும்போது மனதின் ஒரு மூலை எப்போதும் உடையைக் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் காவல் எவ்வளவு களைப்பு தருவது என்பது தளர்வான சட்டைக்கு மாறிய பிறகுதான் தெரிந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அப்படியே.

தோல் உணர்வு அடுத்தது. லேஸ், எலாஸ்டிக், பக்கவாட்டுத் தையல், கழுத்துச் சீட்டு ஆகியவை சிலருக்கு நாள் முழுக்க எரிச்சல் தரும். ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்குத் தொடு உணர்வு மிகக் கூர்மையாக இருப்பதால் இது எரிச்சலோடு நிற்காது, தாங்க முடியாததாகவே ஆகிவிடும். ஆண் உடைகளில் அலங்காரம் குறைவு, துணி தடிப்பு, ஒட்டுதல் குறைவு.

பிறர் பார்வையிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க விரும்பி உடுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். உடையைப் பார்த்துத் தொல்லை கொடுப்பவர்கள் எல்லா உடையிலும் கொடுக்கிறார்கள், சட்டை கவசமாகிவிடாது. ஆனாலும் தன் உடல் ஒரு காட்சிப்பொருள் என்ற நினைப்பு கொஞ்சம் அடங்கினால் அதுவே ஒருத்திக்குப் பெரிய ஆசுவாசமாக இருக்கலாம்.

மிச்சம் இருப்பது எளிமையான காரணம்: அழகாக இருக்கிறது. நன்றாகத் தைத்த கோட்டின் தோள் விளிம்பு, இஸ்திரி போட்ட சட்டைக் கழுத்தின் முனை, கணுக்காலில் சரியாக வந்து நிற்கும் பேன்ட் எல்லாம் கண்ணுக்கு இதம். கண்ணாடி முன்னே நின்று "இதோ, இது நான்தான்" என்று தோன்றும் அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லோருமே உடுத்துகிறோம். சிலருக்கு அது கவுனில் வருகிறது, சிலருக்குக் கோட்டில்.

எது ஆண் உடை என்று யார் சொன்னது?

பேன்ட்டையே எடுத்துக்கொள்வோம். இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய கால்சட்டைகள் மேற்குச் சீனாவின் துர்பான் பகுதிக் கல்லறைகளில் கிடைத்தவை, சுமார் 3,000 ஆண்டுப் பழமை. குதிரை ஏறுவதற்கு வசதியாக நடுவில் அகலமான துண்டு வைத்து நெய்திருக்கிறார்கள். கால்சட்டை பிறந்தது குதிரைக்காக. கிரேக்கப் புராணத்தில் அமேசான்கள் என்று பெண் போர்வீரர்கள் வருவார்கள்; கிரேக்கப் பானைகளில் வரைந்த அந்த வீராங்கனைகள் கால்சட்டையோடு நிற்கிறார்கள். ரோமானியர்களோ கால்சட்டையை நாகரிகமற்றவர்களின் உடை என்று நினைத்தார்கள். அவர்களுடைய கௌரவமான ஆண்கள் தொள தொளவென்ற அங்கிதான் போட்டார்கள்.

குதிகால் உயர்ந்த காலணியின் கதை இன்னும் வேடிக்கை. பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கப் போட்டது அது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்; பிரான்ஸ் அரசர் 14ஆம் லூயி சிவப்புக் குதிகாலோடு ஓவியங்களில் கம்பீரமாக நிற்கிறார். இன்று அதையே போட்டு ஓர் ஆண் தெருவில் நடந்தால் என்ன பேச்சு கிளம்பும் என்று சொல்லத் தேவையில்லை. நிறத்திலும் இதே கதைதான். 1918இல் அமெரிக்கத் துணி வணிக இதழ் ஒன்று ஆண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, பெண்பிள்ளைக்கு நீலம் என்று எழுதியது, இளஞ்சிவப்பு உறுதியான நிறமாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1884இல் இரண்டரை வயதில் எடுத்துக்கொண்ட படத்தில் வெள்ளைக் கவுனும் நீண்ட முடியுமாக உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அதில் விசேஷம் ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே உடைதான்.

ஆக வழக்கம் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் அந்தந்தக் கால வழக்கத்தை மீறிய பெண்ணுக்குத் தண்டனை காத்திருந்தது.

1431இல், பிரெஞ்சுப் படையை நடத்திய இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்தபோது, கைவிடுவதாகச் சொன்ன ஆண் உடையை மறுபடி போட்டுக்கொண்டது அவர் மீதான குற்றத்தில் ஒன்று. 1800 நவம்பர் 7ஆம் தேதி பாரிஸ் போலீஸ் ஓர் ஆணை போட்டது: ஆண் உடை அணிய விரும்பும் பெண் காவல் தலைமையகத்துக்கு வந்து அனுமதி பெற வேண்டும், அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். விலங்குகளை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ரோசா பொனர் குதிரைச் சந்தைக்கும் கசாப்புக் கூடங்களுக்கும் போய் வரைய வேண்டியிருந்தது. நீளப் பாவாடையோடு அங்கே நடமாட முடியாது. 1857இல் அவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு கிடைத்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில் உடல்நலம் என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதம் செல்லும். அந்த உடையில் நாடகத்துக்கோ நடன விருந்துக்கோ பொதுமக்கள் கூடும் இடத்துக்கோ போகக் கூடாது. பேன்ட் போடுவதற்கு டாக்டர் சீட்டு! பின்னாளில், 1892இலும் 1909இலும், சைக்கிள் கைப்பிடியையோ குதிரைக் கடிவாளத்தையோ பிடித்திருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். அந்த ஆணைக்கு இனி எந்தச் சட்ட பலமும் கிடையாது என்று பிரெஞ்சு அமைச்சகம் எழுத்தில் சொன்னது எப்போது தெரியுமா? 2013 ஜனவரி 31.

அமெரிக்காவில் 1851 வாக்கில் சில பெண்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் கவுனும் அதற்கடியில் கணுக்காலில் கூட்டிக் கட்டிய தளர்ந்த கால்சட்டையும் போட ஆரம்பித்தார்கள். அடுக்கடுக்கான உள்பாவாடைகளின் பாரத்திலிருந்து தப்பிக்க அது ஒரு வழி. முதலில் போட்டவர் எலிசபெத் ஸ்மித் மில்லர். ஆனால் தன் பத்திரிகையில் அதை ஆதரித்து எழுதிய அமீலியா புளூமரின் பெயர்தான் உடைக்கு ஒட்டிக்கொண்டது. தெருவில் கூச்சல், பத்திரிகைகளில் கேலிச்சித்திரம். சில ஆண்டுகளில் பெரும்பாலோர் கைவிட்டார்கள், தாங்கள் பேசும் உரிமைகளைவிடத் தங்கள் கால்சட்டையே பேச்சாகிவிட்டது என்று அலுத்துப்போய். 1890களில் சைக்கிள் வந்து, கூட்டங்களும் கட்டுரைகளும் செய்யாததைச் செய்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தவர் மேரி எட்வர்ட்ஸ் வாக்கர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றி 1865இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் பெற்றவர், இன்றுவரை அதைப் பெற்ற ஒரே பெண். 1917இல் அதைத் திரும்பப் பெற்றார்கள், 1977இல், அவர் இறந்து பல காலம் கழித்து, மீண்டும் வழங்கினார்கள். கால்சட்டை அணிந்ததற்காகப் பலமுறை கைதானவர். ஆண்களின் உடையை ஏன் போடுகிறாய் என்று கேட்டவர்களுக்கு, நான் போடுவது என் உடையைத்தான் என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

20ஆம் நூற்றாண்டில் வேகம் கூடியது. 1930களில் நடிகை மார்லீன் டீட்ரிச் கோட்டும் டையுமாகப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலைக்குப் போன பெண்களுக்குப் பேன்ட் வேலை உடையானது. 1966இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், ஆண்கள் மாலை விருந்துக்குப் போடும் கோட்டு சூட்டான டக்ஸீடோவைப் பெண்களுக்கென்று தைத்தார். ஆனால் நேர்க்கோட்டில் முன்னேறிய கதை என்று இதைப் படிக்கக் கூடாது. 1938இல் லாஸ் ஏஞ்சலஸில், திருட்டு வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல வந்த ஆசிரியை பேன்ட்டில் வந்தார் என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். அவர் மறுபடியும் பேன்ட்டிலேயே வர, ஐந்து நாள் சிறை விதித்தார். மேல் நீதிமன்றம் பிறகு அதை ரத்து செய்தது. அமெரிக்க செனட் அவையில் பெண்கள் பேன்ட் அணிவது 1993இல்தான் சகஜமானது. 2009இல் சூடானில் பத்திரிகையாளர் லுப்னா ஹுசைன் பேன்ட் போட்டதற்காக வழக்குக்கு ஆளானார். அபராதத்தைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். அந்தச் சட்டம் 2019இல் நீங்கியது. 2021இல் நார்வேயின் கடற்கரை ஹேண்ட்பால் அணிப் பெண்கள் பிகினிக்குப் பதில் அரைக்கால் சட்டை போட்டு ஆடியதற்காக 1,500 யூரோ அபராதம் விழுந்தது. உலகமே கேலி செய்த பிறகு விதியை மாற்றினார்கள். கூடுதலாகத் துணி போட்டதற்கும் பெண்ணுக்குத்தான் அபராதம்!

ஏறினால் சரி, இறங்கினால் தப்பு

பெண் சட்டை போட்டால் ஓரளவு பொறுத்துக்கொள்கிற ஊர், ஆண் பாவாடை கட்டினால் பொறுப்பதில்லை. ஆண் என்பது மேல்படி, பெண் என்பது கீழ்ப்படி என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பெண் ஆண் உடையைப் போட்டால் ஏற்றம், ஆண் பெண் உடையைப் போட்டால் இறக்கம். சட்டை போட்ட பெண்ணுக்குக் கிடைக்கும் பாராட்டில்கூட இந்தக் கசப்பு கலந்திருக்கும். "நீ மற்றப் பொண்ணுங்க மாதிரி இல்லை" என்பார்கள். மற்றப் பெண்களைத் தாழ்த்தித்தான் இந்தப் பாராட்டு நிற்கிறது. அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்ட வயது எனக்கும் இருந்தது, இப்போது நினைத்தால் கூச்சம்.

பொறுமைக்கும் எல்லை இருக்கிறது. பெரிய அளவுச் சட்டையைக் காதலனிடமிருந்து வாங்கிப் போட்ட மாதிரி தெரிந்தால் எல்லோருக்கும் பிடிக்கிறது. தளர்ந்த ஜீன்ஸுக்கு பாய்ஃபிரெண்ட் ஜீன்ஸ் என்றே பெயர் வைத்து விற்கிறார்கள். அதாவது, இது உன்னுடையது இல்லை, அவனுடையது, கொஞ்ச நேரத்துக்கு இரவல். அதே பெண் முடியையும் ஒட்ட வெட்டி, தனக்கென்று அளவெடுத்துத் தைத்த கோட்டில் வந்தால், ரசித்த முகங்கள் இறுகிவிடும். இரவல் வாங்கலாம், சொந்தமாக்கக் கூடாது என்பது எழுதாத விதி.

வயதிலும் ஒரு விதி உண்டு. எட்டு வயதுப் பெண் மரத்தில் ஏறினால், அண்ணன் டிராயரைப் போட்டுக்கொண்டு திரிந்தால், டாம்பாய் என்று செல்லமாகச் சிரிப்பார்கள். பன்னிரண்டு பதின்மூன்றில் அந்தச் சிரிப்பு திடீரென்று நின்றுவிடும். அந்தப் பெண் மாறவில்லை, சுற்றி இருப்பவர்கள்தான் மாறுகிறார்கள். என்ன தப்பு செய்தோம் என்று புரியாமலே அவள் குற்றவாளியாக நிற்பாள். பெற்றோர் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். காரணம் கேட்டுக் குடையாதீர்கள். "உனக்கு எது வசதி?" என்று கேளுங்கள், கடையில் அவள் நிற்கிற பகுதியில் நீங்களும் போய் நில்லுங்கள். பிற்பாடு கவுனுக்கே திரும்பினாலும், திரும்பாவிட்டாலும், அவள் நினைவில் இருக்கப்போவது நீங்கள் பக்கத்தில் நின்றது.

அன்றாடச் சங்கடங்களில் கழிப்பறைக்குத் தனி இடம் உண்டு. ஒருமுறை பெண்கள் கழிப்பறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்ததும் அப்படியே பின்வாங்கி வெளியே போய், கதவில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார். படத்தில் இருந்த பொம்மை பாவாடை போட்டிருந்தது. நானும் அவரும் பேன்ட்தான் போட்டிருந்தோம். இதைச் சிரிப்பாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கத்தி வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு வெளியே போகிறவர்களும் உண்டு.

யாரையாவது "சார்" என்று கூப்பிட்டுவிட்டுப் பிறகு தவறு தெரிந்தால், "மன்னிக்கணும்" என்று ஒரு சொல் போதும், வேலையைத் தொடருங்கள். ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டு, முடி குட்டையாக இருந்ததால்தான் என்று விளக்கமும் சொன்னால், கடைசியில் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழும்.

முதல் சட்டை வாங்கப் போகிறவருக்கு

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். பாதி ஆளுக்கு அளவு சரியாக இருக்க வேண்டாமா? ஆண்கள் பகுதியில் வாங்கும் பெண்கள் சலித்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆண் உடை பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பிடிக்காமல் போனது பொருத்தம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஆண்களின் பேன்ட் பெரும்பாலும் இடுப்புச் சுற்றளவு, உள்கால் நீளம் என்று இரண்டு எண்களில் வரும். முறையான சட்டைகள் கழுத்துச் சுற்றளவில் வரும். பெண்கள் உடையில் 8, 10, 12 என்று எதையும் அளக்காத எண்ணைப் போட்டு, அதுவும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒரு டேப் எடுத்து உங்களை நீங்களே அளந்துகொண்டு போனால் ஆண்கள் பகுதியில் பாதி வேலை முடிந்தது.

சட்டையில் தோளை மட்டும் முதலில் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோளெலும்பு முடியும் இடத்தில் விழ வேண்டும். அது சரியாக இருந்தால் மற்றதைத் தையற்காரர் பார்த்துக்கொள்வார்: பக்கவாட்டில் பிடிக்கலாம், கையைக் குட்டையாக்கலாம், முதுகில் இரண்டு பிடிப்பு வைக்கலாம். தோளைப் பிரித்துத் தைப்பது மட்டும் பெரிய வேலை, செலவுக்குக் கட்டுப்படியாகாது. சிறிய உடல்வாகு உள்ளவர்கள் சிறுவர் பகுதியையும் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மார்புப் பக்கம் இரண்டு பொத்தானுக்கு நடுவே சட்டை வாய் பிளக்கும். ஆண் சட்டை தட்டையான மார்புக்கு வெட்டியது, அதனால் வருவது இது. உங்கள் உடலில் குறை ஒன்றுமில்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கி இடுப்பில் பிடிக்கலாம். இல்லாவிட்டால் பிளக்கும் இடத்தில் உள்பக்கமாக ஒரு பிரஸ் பட்டன் தைத்துக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது.

பேன்ட்டில் தொல்லை தருவது இடுப்புக்கும் பின்புறத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆண் பேன்ட்டில் அந்த வித்தியாசம் குறைவு. இடுப்புக்குச் சரியாக எடுத்தால் பின்னால் இறுகும். ஆகவே அகலமான இடத்துக்குச் சரியாக எடுத்து, இடுப்பை உள்ளே பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். அதை எந்தத் தையற்காரரும் செய்வார்.

ஒரே நாளில் அலமாரியைக் காலி செய்யாதீர்கள். ஒரு சட்டை வாங்கி நாலு தடவை போட்டுப் பாருங்கள். கவுனும் பிடித்திருந்தால் அதுவும் இருக்கட்டும், திங்களன்று ஒன்று, செவ்வாயன்று ஒன்று என்று மாற்றிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

போட்டுப் பார்க்கும் அறையில் கண்ணாடி முன்னே நேராக நின்றுவிட்டு வந்துவிடாதீர்கள். கையை மேலே தூக்குங்கள், சட்டை பேன்ட்டிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்று தெரியும். குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள். முக்காலி இருந்தால் கால் மேல் கால் போட்டு உட்காருங்கள். கடைசியாகக் கையைப் பாக்கெட்டுக்குள் விடுங்கள். மணிக்கட்டுவரை போக வேண்டும்.